நிழலுக்குள்ளும் சுடுகிறது: வன்னி வெப்பமும் அதைத் தாங்க முடியாதவர்களும்

பெப்ரவரி கடைசியில் மழை முற்றாக விட்டுப்போன பிறகு மே மாதம் வரை எமது தொலைபேசிகளுக்கு ஒரே மாதிரியான செய்தி வந்துகொண்டிருக்கும். வடக்கு, வடமத்திய, கிழக்கு மாகாணங்களிலும் இன்னும் சில மாவட்டங்களிலும் மனித உடலால் உணரப்படும் வெப்பம் அவதானம் செலுத்த வேண்டிய மட்டத்துக்கு உயரும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்கும். அடிக்கடி நீர் அருந்துங்கள், முடிந்தவரை நிழலில் இருங்கள், கடினமான வேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், முதியவர்களையும் நோயாளிகளையும் கவனியுங்கள் என்று அறிவுரைகளும் இருக்கும். நாமும் வாசித்துவிட்டு இன்னொரு வட்ஸ்அப் குழுமத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

இந்த அறிவுரைகளில் பிழை எதுவும் இல்லை. ஆனால் வவுனியா மாவட்டத்தில் பதினெட்டு வருடங்களாக விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவன் என்ற வகையில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வன்னியில் அந்த அறிவுரைகளைப் பின்பற்றக்கூடிய நிலையில் இருப்பவர்கள் யார்? நிழலில் இருக்கச் சொன்னால், ஹிஜ்ராபுரத்திலும் நீராவிப்பிட்டியிலும் செட்டிகுளத்தின் உட்கிராமங்களிலும் பலருக்கு நிழல் என்பது தலைக்கு மேல் எட்டு அடி உயரத்தில் கிடக்கும் தகரம்தான். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தகரத்தில் கை வைக்க முடியாது. அதன் கீழே ஒரு வயதானவர் பாயில் படுத்திருப்பார்.

முதலில் அந்தச் செய்தியில் வரும் எண்ணைப் பார்ப்போம். அது வெப்பமானி காட்டும் எண் அல்ல. வெப்பநிலையையும் காற்றிலுள்ள ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்த வெப்பச் சுட்டெண். உதாரணமாக வெப்பமானி 35 பாகை செல்சியஸ் காட்டும்போது காற்றில் ஈரப்பதன் 60 சதவீதமாக இருந்தால், உடல் அதை ஏறத்தாழ 45 பாகையாக உணரும். இதுவும் நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் நிற்பவருக்கு இன்னும் எட்டுப் பாகை வரை கூடலாம்.

ஏன் மார்ச், ஏப்ரலில் இவ்வளவு மோசமாகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வாடைக்காற்று ஓய்ந்துவிடும். சோளகம் இன்னும் எழும்பியிருக்காது. காற்றசைவே இல்லாத இந்த இடைவெளியில்தான், ஏப்ரல் 5 முதல் 15 வரை, சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கையின் ஒவ்வொரு ஊருக்கும் நேர் மேலே கடந்து போகிறது. வன்னிக்கு அது ஏறக்குறைய சித்திரைப் புத்தாண்டு நாட்கள். அந்த நண்பகலில் ஒரு கம்பை நிலத்தில் நட்டால் நிழலே விழாது. மாணவர்களுக்கு இது நல்ல செய்முறைப் பாடம். வயலில் நிற்பவருக்கு அது வேறு விடயம்.

உடம்பின் உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்கிறேன். எமது உடல் 37 பாகையை ஒட்டியே இருக்க வேண்டும். சூடு கூடினால் உடல் இரண்டு காரியம் செய்யும். இரத்தத்தைத் தோலின் பக்கம் அதிகமாக அனுப்பும், வியர்வையைச் சுரக்கும். வியர்வை சுரந்தால் மட்டும் உடல் குளிராது, அது ஆவியாகிப் போக வேண்டும். ஈரப்பதன் கூடிய காற்றில் ஆவியாகாமல் சும்மா வழிந்தோடும். இரத்தத்தைத் தோலுக்குத் தள்ள இதயம் வேகமாக அடிக்க வேண்டும். வியர்த்து நீர் குறையக் குறைய இரத்தம் சுருங்கும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும். ஆகவே பலவீனமான இதயம், பலவீனமான சிறுநீரகம், வியர்க்க முடியாத தோல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்த மனிதர் மற்றவர்களுக்கு முன்பே விழுந்துவிடுவார். வெயிலில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை.

வன்னியில் யார் யாருக்கு இந்த நிலை என்று பார்க்கும்போதுதான் விடயத்தின் பாரம் விளங்கும்.

எமது கிராமங்களின் வயதானவர்களிலிருந்து தொடங்குகிறேன். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடங்கள் கழித்து, 2009 இன் பின் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் திரும்பிய குடும்பங்களில் பல முழுக் குடும்பமாகத் திரும்பவில்லை. பிள்ளைகளின் படிப்பு, தொழில், அங்கே கட்டிய வீடு எல்லாம் புத்தளத்தில். காணியைக் காப்பதற்கும் சொந்த மண்ணில் மௌத்தாக வேண்டும் என்ற ஆசைக்கும் வந்தவர்கள் வாப்பாவும் உம்மாவும். இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் தனி. டோசர் போட்டுத் துப்புரவு செய்த காணி. பெரிய மரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அயல்வீடு கூப்பிடு தூரத்திலும் இல்லாமல் இருக்கலாம்.

வயது ஏறினால் தாகம் தெரிவது குறையும். உடலில் நீர் வற்றியிருந்தாலும் "எனக்குத் தண்ணி விடாய் இல்ல மகன்" என்பார்கள். அது பிடிவாதம் அல்ல, மூளை தாகத்தைச் சொல்லவில்லை. அதற்கு மேல் பிரஷர் குளிசை. சிறுநீரைக் கூட்டும் மருந்துகள் உடல் நீரைக் குறைக்கும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்துகள் தோலுக்கு இரத்தம் போவதைக் குறைக்கும். மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகள் வியர்வையையே குறைக்கும். போருக்குப் பின் வன்னியில் அந்த மருந்துகளை எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்காக யாரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் ஆபத்து. அடுத்த கிளினிக் நாளில் "வெயில் காலத்தில் இந்த மருந்தை எப்படி எடுப்பது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது" என்று வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். சீனி வருத்தம் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு வியர்வை நரம்புகள் பழுதாகியிருக்கும். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொரு பிரச்சினை: குளிர்சாதனப் பெட்டி இல்லாத தகரக் கொட்டிலில் அந்த மருந்து வீரியம் இழந்துவிடும். ஈர மணலுக்குள் மண்பானை வைத்து, அதற்குள் மருந்துப் போத்தலை வைப்பது பழைய முறைதான், ஆனாலும் வேலை செய்யும்.

இனிச் சொல்லப்போவதை வெப்பம் பற்றிய வழமையான கட்டுரைகளில் காண முடியாது, ஏனென்றால் அது போர் நடந்த மண்ணுக்கே உரியது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குக் கீழே இயக்கம் இழந்தவர்கள் வன்னி முழுவதும் இருக்கிறார்கள். இவர்களுக்காக மாங்குளத்தில் உயிரிழை என்ற அமைப்பு இயங்குகிறது. முள்ளந்தண்டு அறுபட்ட இடத்துக்குக் கீழே உடல் வியர்ப்பதில்லை. காயம் மேலே இருக்க இருக்க, வியர்க்கும் தோலின் பரப்பு குறைந்துகொண்டே போகும். நெஞ்சின் மேற்பகுதியில் காயப்பட்ட ஒருவருக்குத் தலை, கழுத்து, கை தவிர உடலின் பெரும்பகுதி தன்னைத்தானே குளிர்விக்க முடியாத பகுதி. அவர் சக்கர நாற்காலியிலோ கட்டிலிலோ தகரக் கூரையின் கீழ் முழுப் பகலும் இருக்கிறார். தண்ணீர் குடிக்கச் சொன்னால், அதிகம் குடித்தால் சிறுநீர்க் குழாய் மாற்றுவதற்கு ஆள் வேண்டுமே என்று யோசிப்பார். இவருக்கு நாம் அனுப்பிய வட்ஸ்அப் அறிவுரையில் ஒரு வரியும் பொருந்தாது. இவருக்கு வேண்டியது மேலெல்லாம் தண்ணீர் தெளிக்க ஒரு தெளிப்பான், ஒரு மின்விசிறி, பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எட்டிப் பார்க்க ஒரு ஆள். கால் இழந்தவர்களுக்கும் வெப்பத்தை வெளியேற்றும் தோல் குறைவு. செயற்கைக் கால் பொருந்தும் இடத்தில் வியர்வை தேங்கிப் புண்ணாகும்.

கர்ப்பிணித் தாய்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடும் வெப்ப நாட்களில் குறைமாதப் பிரசவமும் வயிற்றில் குழந்தை இறப்பதும் கூடுகின்றன என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. எமது பெண்களில் கிணற்றில் அள்ளிச் சுமப்பவர் இருக்கிறார், விறகடுப்பில் சமைப்பவர் இருக்கிறார். வெளியே 35 பாகை என்றால் அந்தக் குசினிக்குள் எவ்வளவு என்று யாராவது அளந்து பார்த்தார்களா?

பாடசாலை எனக்குத் தெரிந்த இடம் என்பதால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஒருமுறை மாணவர்களைக் கொண்டு இரண்டு வெப்பமானிகளில் ஒன்றை வகுப்பறைக்குள்ளும் மற்றதை வேப்பமரத்தடியிலும் வைத்துப் பார்த்தோம். பத்து மணிக்குப் பிறகு வகுப்பறைதான் கூடக் காட்டியது. சீலிங் இல்லாத சீட் கூரை, நாற்பது பிள்ளைகள். அதன் பிறகு கடைசி இரண்டு பாடவேளைகளை நான் மரத்தடியில் எடுப்பதுண்டு. அதிபர்கள் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருக்கிறது, ஆண் ஆசிரியர்களின் கண்ணுக்கு அது எளிதில் படாது. பெண் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலை நிறையக் கொண்டுவந்து நிறையவே திருப்பிக் கொண்டுபோகிறார்கள். மலசலகூடம் துப்புரவாக இல்லை, கதவுக்குக் கொண்டி இல்லை, தண்ணீர் இல்லை. அதனால் காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணிவரை குடிப்பதே இல்லை. வெப்ப காலத்தில் இது சிறுநீர்த் தொற்றுக்கு நேர் வழி. மலசலகூடக் கதவுக்கு ஒரு கொண்டி போடுவதும் வெப்பப் பாதுகாப்புத்தான்.

விளையாட்டுப் போட்டிகளும் முதலாம் தவணையிலேயே வருகின்றன. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தபோது, இந்தக் காலநிலையில் பிள்ளைகளை ஓடவிடலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. வெப்பம் கூடிய நாட்களில் வெளியரங்கச் செயற்பாடுகள் குறித்துக் கல்வி அமைச்சும் அந்த வருடம் அறிவுறுத்தல் விடுத்தது. ஓட்டங்களைக் காலை எட்டு மணிக்கு முன் முடிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பிரதம அதிதி பத்து மணிக்கு வருவார் என்பதற்காகப் பிள்ளைகளை வெயிலில் அணிவகுத்து நிறுத்தும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும்.

வேலை செய்பவர்களுக்கு வருவோம். அரிவு வெட்டு, நிலக்கடலை பிடுங்குதல், கல் உடைத்தல், கட்டட வேலை எல்லாம் நாட்கூலி. வேலை நிறுத்தினால் சம்பளம் நிற்கும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். பாரமான பாதுகாப்பு அங்கியும் முகக் கவசமும் அணிந்து முழந்தாளில் இருந்து செய்யும் வேலை. ஆனால் ஒரு வேறுபாடு: அவர்களுக்கு இடையிடையே ஓய்வு என்பது வேலை ஒழுங்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது, தளர்ந்த கை தவறு செய்தால் வெடிக்கும் என்பதால். செங்கல் சுமப்பவருக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

சிறுநீரக நோயையும் இங்கே சேர்க்க வேண்டியிருக்கிறது. 1990 களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவையும் விட்டுவைக்கவில்லை. நிலத்தடி நீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள் என்று பல சந்தேகங்கள் உண்டு, விவாதம் முடியவில்லை. வெயிலில் வருடக்கணக்காக உடல் வற்ற வற்ற வேலை செய்வதும் அதில் ஒரு பங்கு என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதேபோன்ற நோய் காணப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் உவர் என்று குடிப்பதைக் குறைக்கும் விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி.

இவ்வளவும் நடந்தும் "வெப்பத்தால் மரணம்" என்று எமது ஊரில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? மிக அரிது. தகரக் கொட்டிலில் பகல் தூக்கத்தில் மௌத்தான எழுபது வயதுப் பெரியவரின் மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்றிருக்கும். அதுவும் பொய்யல்ல, இதயம்தான் நின்றது. ஆனால் அந்த வாரம் அது ஏன் நின்றது என்று கேட்க எவரும் இல்லை. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் வெப்ப அலை வந்தபோதும் அப்படித்தான். பின்னர் ஆய்வாளர்கள் அந்த மாதத்து மொத்த மரணங்களை முந்திய வருடங்களோடு ஒப்பிட்டார்கள்: 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அதன் விளைவாக 2013 இல் அந்த நகரம் ஒரு வெப்பச் செயற்றிட்டத்தை ஆரம்பித்தது. வைத்தியசாலைகளுக்கு முன்னறிவிப்பு, தண்ணீர்ப் பந்தல்கள், பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. தமிழ்நாடு அரசு 2024 ஒக்டோபரில் வெப்ப அலையை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் இந்திய ரூபா நிவாரணமும் வைத்தது. எண்ணத் தொடங்கினால்தான் பணம் வரும், திட்டம் வரும். எமது திடீர் மரண விசாரணை அதிகாரிகளும் வைத்தியர்களும் ஏப்ரல், மே மரணங்களில் இறந்தவர் எந்தக் கூரையின் கீழ், எத்தனை மணிக்கு, தனியாகவா இருந்தார் என்று குறித்து வைத்தாலே பெரிய காரியம்.

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோவில் ஒரு வாரத்துக்குள் 700 இற்கும் அதிகமானோர் வெப்பத்தால் இறந்தார்கள். அதிகம் இறந்தவர்கள் தனியாக வாழ்ந்த வயோதிபர்கள், கதவைத் தட்ட ஆள் இல்லாதவர்கள். 2024 ஹஜ்ஜிலும் இதே கதைதான் வேறு வடிவில் நடந்தது. அந்த ஜூன் 17 அன்று மக்காவில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது; 1,301 பேர் மௌத்தானதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதத்தினர் அனுமதி இல்லாமல் சென்றவர்கள், அதாவது குளிரூட்டிய கூடாரமும் வாகனமும் இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஒரே நகரம், ஒரே வெயில். கூரை உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள்.

அதனால்தான் எமது மஸ்ஜித்களைப் பற்றி யோசிக்கிறேன். வன்னியின் பெரும்பாலான முஸ்லிம் கிராமங்களில் ஆக உயரமான கூரை, ஆகக் கூடுதலான மின்விசிறிகள், நிற்காத தண்ணீர் எல்லாம் உள்ள இடம் பள்ளிவாசல்தான். லுஹர் முடிந்து அஸர் வரை, சரியாக வெயில் கொடூரமாக இருக்கும் அந்த மூன்று மணிநேரம், பல இடங்களில் கதவு பூட்டிக் கிடக்கிறது. மின் கட்டணம் என்பார்கள் நிர்வாகிகள். நியாயம்தான், ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாதங்களுக்கு அந்தக் கட்டணத்தை ஸதகாவாகப் பொறுப்பேற்க ஒருவர் கிடைக்கமாட்டாரா? மண்டபத்தையோ மத்ரஸாவையோ பெண்களுக்கு ஒதுக்கலாம். அயலிலுள்ள தமிழ்க் குடும்பத்துப் பாட்டி வந்து உட்கார்ந்தாலும் இடம் கொடுக்கலாம், தகரம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான்.

நான் மௌலவி அல்ல, மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கடும் வெப்ப வேளையில் லுஹரைச் சற்றுப் பிற்படுத்தித் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது என்பதை உலமாக்கள் அறிவார்கள். ஏப்ரல் மாதத்தில் அந்த ஸுன்னாவை எப்படி நடைமுறைப்படுத்தலாம் என்றும், ஜும்ஆ குத்பாவைச் சுருக்குவது பற்றியும் அவர்கள் பேசினால் மக்கள் கேட்பார்கள். நோன்பும் அப்படித்தான். 2024 இல் ரமழான் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வெயிலோடு வெயிலாக ஓடியது. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னகர்வதால் வரும் வருடங்களில் அது குளிர் மாதங்களுக்குப் போகிறது. ஆனால் விடுபட்ட நோன்பைக் கழாச் செய்பவர்களும் ஷவ்வால் ஆறு நோன்பு நோற்பவர்களும் வெயில் மாதங்களிலும் இருப்பார்கள். நோயாளிக்கும் பயணிக்கும் அல்குர்ஆனே சலுகை தந்திருக்க, சிறுநீரக நோயாளியும் கர்ப்பிணியும் "பிறர் என்ன நினைப்பார்கள்" என்று மயங்கி விழும்வரை நோற்பதை ஊர் மெச்சக் கூடாது.

கூரை விடயத்துக்கு அரசைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் கூடாரத்திலும் தகரத்திலும் வெந்தபோதே, கிடுகு கிடைத்தவர்கள் தகரத்தின் மேல் கிடுகைப் பரப்பினார்கள். இன்றும் அதுதான் ஆகச் சிறந்த மலிவான வழி. தீப் பயம் உள்ளவர்கள் தகரத்தின் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம், மழை கழுவினால் அடுத்த மாசியில் மீண்டும் பூச வேண்டும். வீட்டுத்திட்டப் படிவங்களில் கிடுகுக் கூரை என்றால் வறுமை, தகரம் என்றால் முன்னேற்றம். மண் சுவரும் கிடுகுமாக இருந்த எங்கள் பாட்டன்மார் வீட்டில் சித்திரை வெயிலிலும் பகல் தூக்கம் வந்தது என்பதை அந்தப் படிவம் எழுதியவர் அறியவில்லை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் தனியாக வாழும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோரின் பெயர்கள் ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் பாதி விபரம் ஏற்கனவே உண்டு. எச்சரிக்கை வந்த நாளில் மத்தியானம் இரண்டு வாலிபர்கள் சைக்கிளில் ஒரு சுற்று. கேட்க வேண்டியது "சுகமா" என்றல்ல. "காலையிலிருந்து எத்தனை கோப்பை குடித்தீர்கள், எத்தனை தரம் சிறுநீர் போனது, என்ன நிறம்" என்று. மஞ்சள் கடுத்திருந்தால் ஜீவனிப் பொதி ஒன்றைக் கரைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு எவ்வளவு நீர் என்பதை வைத்தியரிடம் முன்பே கேட்டு அந்தக் கொப்பியிலேயே எழுதிக்கொள்ளலாம்.

ஒருவர் தலைசுற்றல், ஓங்காளம், கால் பிடிப்பு என்று சொல்லி வியர்த்துக்கொண்டிருந்தால் நிழலில் படுக்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சுத் தடுமாறினால், ஆளைத் தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெப்ப அதிர்ச்சி. உடலின் உள்ளே 40 பாகையைத் தாண்டியிருக்கும். அப்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரைக்கேறும். 1990 இற்கு அழையுங்கள். உட்கிராமத்துக்கு அம்புலன்ஸ் வந்து சேர நேரம் எடுக்கும், அந்த நேரத்தில்தான் உயிர் இருக்கிறது. உடுப்பைத் தளர்த்தி, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகத் தலையிலிருந்து கால்வரை ஊற்றுங்கள், கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வையுங்கள், பாயாலோ தட்டாலோ விடாமல் விசிறுங்கள். வண்டி வரும்வரை நிறுத்த வேண்டாம்.